ரொட்டி பிசைகிறவள்

அந்த பேக்கரியில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வயதில் சின்னவர்களுக்குத் தராசக்கா, மற்றவர்களுக்கு வெறும் தராசு.

சும்மா வந்த பெயர் இல்லை. ரொட்டிக்கு மாவு வெட்டும்போது துண்டு ஒன்று நானூற்றைம்பது கிராம் இருக்க வேண்டும். வெந்து ஈரம் போன பிறகு அது நானூறில் வந்து நிற்கும். மற்றவர்கள் வெட்டி, எடை பார்த்து, கொஞ்சம் கிள்ளி, கொஞ்சம் ஒட்டி, மறுபடியும் எடை பார்ப்பார்கள். இவள் இடது கையால் மாவை இழுத்து வலது கைத் தகட்டால் ஒரு போடு போட்டால் முடிந்தது. ஒருமுறை எடை சோதிக்க வந்த அதிகாரி இதை நம்பாமல், பத்துத் துண்டு வெட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். முதல் எட்டும் சரி. ஒன்பதாவதைத் தட்டில் வைப்பதற்கு முன்பே, "இது ரெண்டு கிராம் கூட சார். நீங்க கிட்ட வந்து நின்னதுல கை பதறிப்போச்சு" என்றாள். முள் நானூற்று ஐம்பத்திரண்டில் நின்றது. அதிகாரி மூக்கின் மேல் விரலை வைத்தார்.

பன் பொட்டலம் கட்டத்தான் அவள் அங்கே வந்தாள். வெட்டுகிற ஆள் காய்ச்சலில் படுத்த ஒரு நாளில் தகட்டைக் கையில் எடுத்தவள், பிறகு யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. வெட்டினாள், உருட்டினாள், பிசைந்தாள், மிஷின் நின்றுபோன நாட்களில் கையாலேயே ஐம்பது கிலோ மாவைப் பார்த்துக்கொண்டாள். தோளில் இருந்து மணிக்கட்டு வரை அவள் கை ஒரே கனமாக இருக்கும். வளையல் கடையில் அவள் அளவுக்குத் தேடிக் களைத்துப் போய்விடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கூட வெட்கம் கிடையாது; ரகசியமாகப் பெருமைதான்.

அந்த பேக்கரியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் அடுப்பிலிருந்து வருகிற முதல் ரொட்டி மேஸ்திரிக்கு. மாவறையின் தலைவரைத்தான் மேஸ்திரி என்பார்கள். அவர் அதைச் சூட்டோடு பிட்டு, மோந்து, ஒரு வாய் தின்று, தலையை ஆட்ட வேண்டும். தலை ஆடினால்தான் அடுத்த தட்டு வெளியே வரும், பொட்டலம் கட்டுகிறவர்கள் கை வைப்பார்கள். முதலாளியே பக்கத்தில் நின்றாலும் மேஸ்திரியின் தலையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். தராசு இத்தனை வருடமும் உடைந்த ரொட்டி, ஓரம் கருகியது, அச்சில் ஒட்டிக்கொண்டது என்று வேண்டிய மட்டும் தின்றிருக்கிறாள். முதல் ரொட்டியை மட்டும் தொட்டதில்லை.

பழைய மேஸ்திரிக்கு முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. மகள் வீட்டோடு போய்விடுகிறேன் என்று ஒரு சனிக்கிழமை மாவறைச் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, "தராசு இருக்கா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி நல்ல மனிதர்தான். வேலை செய்கிறவர்களின் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் ஒரு விஷயத்தை மனதில் முடிவு செய்துவிட்டால் அதைப் பிடுங்கி எடுக்க ஆள் பிறந்து வர வேண்டும். அவர் தன் அக்கா மகனை மேஸ்திரியாக்குவது என்று எப்போதோ முடிவு செய்திருந்தார். அந்தப் பிள்ளை எங்கேயோ பேக்கரிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். முடித்து வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தராசு நேராகப் போய்க் கேட்டாள். "மேஸ்திரி வேலையை எனக்குக் குடுங்க முதலாளி."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான விஷயம் பேசும்போது அவர் அப்படித்தான் செய்வார். "உன் கையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா மாவறை கனமான இடம். நாலு ஆம்பளைங்களை அதட்டி வேலை வாங்கணும். லேடீஸுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

"அதட்டாமலே வாங்கிக் காட்டறேன். உங்க பிள்ளை வர்ற வரைக்கும் ஆறு நாள் இருக்குல்ல? ஆறு நாள் என்கிட்ட விடுங்க. சரிப்படலைன்னா நானே சாவியைக் கொண்டுவந்து வெச்சுடறேன்."

எப்படியும் ஒரு வாரத்துக்கு ஆள் வேண்டும். முதலாளி சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு முட்டுக்கட்டையும் போட்டார். "முதல் ரொட்டியை நான் வந்து பிட்டுப் பாத்துக்கறேன். அது மேஸ்திரிக்கு உள்ளது."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுடைய கணவர் நூலகத்தில் புத்தகம் பைண்டு செய்கிறவர். கீழ்த்தளத்தில் ஒரு சன்னல் உள்ள அறை. ஒரு இரும்பு அழுத்தி, நூல் கண்டுகள், ஊசிகள், மைதாப் பசை காய்ச்சும் ஒரு பாத்திரம். பசைக்கு மைதா போவது தராசின் தயவில். "ரெண்டு பேரும் மாவுல சோறு தின்றோம்" என்று அவர் சொல்லிச் சொல்லி அந்த நகைச்சுவை தேய்ந்துபோய்விட்டது. இருந்தாலும் விட மாட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். பிரித்துப்போட்ட புத்தகம் எந்த இடத்தில் திறந்து கிடக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பார். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. உலகத்தில் உள்ள எல்லா விஷயத்திலும் அவருக்கு ஒரு பக்க அறிவு உண்டு. திமிங்கிலம் எப்படித் தூங்குகிறது என்று தெரியும். எதைத் தின்கிறது என்று கேட்டால் அது அடுத்த பக்கம் என்பார். சாப்பாட்டு வேளையில் இப்படி ஒன்றை அவிழ்த்துவிடுவதும், "புளுகாதீங்க" என்று அவள் சொல்வதும் அந்த வீட்டில் தினசரி நடப்பது.

பேக்கரி நண்பகலோடு முடியும். பொறுப்பேற்ற முதல் நாள், திங்கட்கிழமை, அவள் வேலை முடிந்து நூலகத்துக்கு அவருடைய சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முதலாளி காலையில் வந்து முதல் ரொட்டியைப் பிட்டதையும், எல்லாரும் அவர் தலையைப் பார்த்ததையும், தான் ஓரமாக நின்றதையும் சொன்னாள். "லேடீஸாம். சரிப்படாதாம். பத்தொன்பது வருஷமா இவருக்கு மாவு பிசைஞ்சது யாராம்?"

பைண்டர் உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "நில்லு, நில்லு. இதை உனக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன். கை கழுவிட்டு இங்க வா."

அழுத்தியின் பக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதி கட்டுக் கட்டாகப் பிரிந்து கிடந்தது. சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வரலாறு சொல்கிற அகராதி. எல்லாத் தடிப் புத்தகமும் போல நட்டநடுவில் முதுகு உடைந்திருந்தது. ஆங்கில அகராதியின் நடுவில் இருப்பது எல் எழுத்து.

"லோஃப்னா என்ன?" என்றார்.

"ரொட்டி. முழு ரொட்டி. அதுகூடத் தெரியாமலா பத்தொன்பது வருஷம் சுட்டேன்?"

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இங்கிலீஷ்ல ரொட்டிக்கு இதுதான் வார்த்தை. ஹ்லாஃப்னு சொல்லியிருக்காங்க. அந்த ரொட்டியைக் காவல் காக்கிறவனுக்கு ஒரு பேரு வெச்சாங்க. அது தேய்ஞ்சு தேய்ஞ்சு லார்டு ஆச்சு. பெரிய பிரபு, துரைனு சொல்றோமே, அவன் முதல்ல வெறும் ரொட்டிக் காவல்காரன்."

"புளுகாதீங்க."

"இன்னும் கேளு. அந்த ரொட்டிக்கு மாவு பிசையறவளுக்கு ஒரு பேரு. அது தேய்ஞ்சு என்ன ஆச்சு தெரியுமா? நீயே படி. நான் சொன்னா நம்ப மாட்டே."

அவள் பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பொடி எழுத்தின் கீழே விரலை வைத்தாள். தடித்த எழுத்தில் இருந்த சொல் லேடி. அதற்குப் பக்கத்தில் ஏதோ பழைய எழுத்து. அதற்கும் பக்கத்தில் அதன் பொருள்: ரொட்டி பிசைகிறவள். விரலை எடுக்காமல் மறுபடி படித்தாள். மூன்றாவது முறையும் அதுவே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் மாவு காய்ந்திருந்தது.

"அந்த வீட்டுல வேலை செஞ்சு, குடுக்கறதைத் தின்னுட்டு இருக்கிற ஆளுக்கும் ஒரு பேரு இருந்திருக்கு" என்றார் பைண்டர், கவளத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே. "ரொட்டி தின்கிறவன். அந்த வார்த்தை மட்டும் இப்ப வழக்கத்துல இல்லை."

"ஏன் இல்லாமப் போச்சு?"

"அது வேற பக்கம்" என்றார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மாவறை ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக என்றால், பழைய மேஸ்திரி காலத்தை விட ஒழுங்காக. அவள் யாரையும் அதட்டவில்லை. மிஷின்காரர் மாவைக் கொஞ்சம் முன்னதாக நிறுத்தினால், "இன்னும் ரெண்டு சுத்து விடுங்கண்ணே, அதுக்கு இன்னும் முறுக்கு ஏறல" என்பாள், ஏறியிருக்காது. அடுப்புக்காரர் அவளுக்கு மூத்தவர், எதற்கும் முனகுகிறவர். அவர்கூட முனகலைக் குறைத்துக்கொண்டார். முதலாளி தினமும் வந்தார், முதல் ரொட்டியைப் பிட்டார், தலையை ஆட்டினார், போனார். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அந்த முதுகுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அகராதியில் படித்த அந்தச் சொல் அதற்குள்ளே இருந்தது.

வெள்ளிக்கிழமை வினை வந்தது, அவள் கையாலேயே.

இங்கே உப்புக் குவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவில் உப்பைக் கடைசியில்தான் போடுவார்கள். போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அந்த மாவறையில் ஓர் அடையாளம் உண்டு. உப்புத் தொட்டி மூடியின் மேல், உப்பு அளக்கும் குவளை நிமிர்ந்து இருந்தால் இன்னும் போடவில்லை. கவிழ்ந்து இருந்தால் போட்டாயிற்று. வாயால் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. குவளையைப் பார்த்தால் போதும்.

அன்று, பேக்கரியில் வழக்கமாக ரொட்டி வாங்குகிற ஆஸ்பத்திரியின் கொள்முதல்காரர் மாவறையைப் பார்க்க வருவதாக இருந்தது. தராசு ஓர் அவசரத்தில் எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்தாள். தன் பொறுப்பில் உள்ள அறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற பெருமை. உப்புக் குவளையையும் கழுவினாள். கழுவிய பாத்திரத்தை வீட்டில் என்ன செய்வோம்? தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைப்போம். கவிழ்த்து வைத்தாள்.

மிஷின்காரர் ஆஸ்பத்திரிக்கான ஐம்பது கிலோ மாவை ஓட்டினார். உப்புப் போடத் திரும்பினார். குவளை கவிழ்ந்திருந்தது. சரி, தராசே போட்டுவிட்டாள் என்று திரும்பிக்கொண்டார்.

மாவு பொங்கி மேஜைக்கு வந்தது. வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே பொங்கியிருந்தது. அவள் தகட்டால் ஒரு போடு போட்டாள். எடை சரி. ஆனால் உருட்டும்போது அது உருண்டு நிற்கவில்லை. கையில் ஒட்டியது, மேஜையில் தளர்ந்து படுத்தது. இரண்டாவதும் அப்படியே. ஒரு துளியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். திரும்பி உப்புத் தொட்டியைப் பார்த்தாள். கவிழ்ந்த குவளையைப் பார்த்தவுடனே எல்லாம் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியதை மறைப்பானேன்? சப்பென்ற ரொட்டியைச் சுட்டு அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றாலே சப்பென்றுதான் இருக்கும் என்று தின்றுவிடுவார்கள். இல்லையென்றால் மிஷின்காரர் மறந்துவிட்டார் என்று சொல்லலாம். அவரே நம்பிவிடுவார், பாவம். நாளை ஒரு நாள்தான் பாக்கி. அவளுக்கு உள்ளங்கால் வரை பயம் வந்தது.

பிறகு, தகட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இந்த மாவை அச்சுல போடாதீங்க. உப்பு விழல. தப்பு என்னோடது. குவளையைக் கழுவிட்டுக் கவுத்து வெச்சுட்டேன்."

மிஷினில் அடுத்த மாவு, பன்னுக்கானது, பாதி ஓடிக்கொண்டிருந்தது; அதை நிறுத்தி இதை மறுபடி போட முடியாது. முதலாளி சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். வெளியே வண்டி காத்துக்கொண்டிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் அவர் முகம் சிவந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன், இதுக்குத்தான்! லேடீஸுக்குச் சரிப்படாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

அவள் அழுவாள் என்று பொட்டலம் கட்டும் பிள்ளைகள் நினைத்தார்கள். அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"முதலாளி, லேடின்னாலே மாவு பிசையறவள்னுதான் அர்த்தம். அகராதியில போட்டிருக்கு, போய்ப் பாத்துக்கங்க. இப்பத் தள்ளி நில்லுங்க. பிசையணும்."

முதலாளி திகைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அப்போது தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முனகுகிற அடுப்புக்காரர் முழங்கை வரை கை கழுவிக்கொண்டிருந்தார். "நான் எந்த மேஜை, தராசு?" என்றார். மிஷின்காரர் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். பொட்டலம் கட்டும் இரண்டு பேரும் வந்தார்கள்.

மாவை மூன்று மேஜையில் பங்கு போட்டார்கள். ஒரு கிலோ உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்து, தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். அள்ளிக் கொடுக்க ஒரு கை குறைந்தது. தராசு நிமிர்ந்து பார்க்காமலே, "நிக்கறதுதான் நிக்கறீங்க முதலாளி, அந்த உப்பை நனைச்சுக் குடுங்க" என்றாள். முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

உப்புச் சேரச் சேர மாவு முதலில் வழுக்கி, கிழிந்து, கோபித்துக்கொண்டது; பிறகு மெல்ல ஒன்றுகூடி இறுகியது. அவள் மூன்று மேஜைக்கும் போய்க் கையை வைத்துப் பார்த்தாள். "இது ஆச்சு. இது இன்னும் கொஞ்சம். அண்ணே, அமுக்காதீங்க, மடிங்க." எல்லாம் முடிந்தபோது முதலாளி, "அச்சுல போட்டுடலாமா? வண்டிக்காரன் கத்தறான்" என்றார்.

"மாவு கொஞ்ச நேரம் சும்மா கிடக்கணும். கத்தட்டும்."

ரொட்டி ஐம்பது நிமிடம் தாமதமாகப் போனது. ஆஸ்பத்திரிக்காரர் வந்து நின்றதையும் பளிச்சென்ற அறையைப் பார்த்ததையும் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது, திங்கட்கிழமைக்கு எத்தனை ரொட்டி என்று சொல்ல. தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். ருசியைப் பற்றி ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் சாவியைத் துணியில் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை. முதல் தட்டு வெளியே வந்தது. முதலாளி வந்தார். தட்டில் இருந்த முதல் ரொட்டியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நேத்து வீட்டுல தேடிப் பாக்கச் சொன்னேன்" என்றார். "நீ சொன்னது நிஜம்தானாம்."

"நிஜம்தான் முதலாளி. நானே விரல் வெச்சுப் படிச்சேன்."

"ரொட்டியைக் காக்கிறவனுக்கு லார்டுனு பேராம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசாக ஒரு மிடுக்கு ஏறியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்தொன்பது வருஷமா உடைஞ்ச ரொட்டியைத்தானே தின்னே. நேத்து உப்பு விஷயத்தை நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. என் அக்கா மகன் வந்து வண்டியையும் சப்ளையையும் பாத்துக்கட்டும். நீ பிட்டுப் பாரு, மேஸ்திரி."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதும் அவள் சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். ரொட்டியை எடுத்தாள், சூடு உள்ளங்கையில் ஏறியது. இரண்டாகப் பிட்டாள். ஆவி முகத்தில் அடித்தது. மோந்தாள். ஒரு வாய் தின்றாள். மேலோடு மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே உப்பு அளவாக இருந்தது. நிதானமாக, யாருக்காகவும் அவசரப்படாமல், விழுங்கி முடித்தாள். அடுப்புக்காரர், மிஷின்காரர், பொட்டலம் கட்டுகிறவர்கள், எல்லாரும் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலையை ஆட்டினாள். அடுத்த தட்டு வெளியே வந்தது.

அன்று மதியம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பைண்டர் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, ஊசியில் நூலைக் கோக்க மறந்து உட்கார்ந்திருந்தார். அகராதி தைத்து முடிந்து, அழுத்தியில் கிடந்தது. அவள் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டித் துண்டை அவர் முன்னால் வைத்தாள். முதல் ரொட்டியின் பாதியில் மிச்சம்.

"லார்டு, லேடி ரெண்டும் தெரிஞ்சுடுச்சு அவருக்கு" என்றார் பைண்டர். "மூணாவது ஆளைப் பத்திச் சொன்னியா? ரொட்டி தின்கிறவன்?"

"சொல்லல. சொல்ல வேண்டி வரல." அவள் சேலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். "நான் தலையை ஆட்டினதும், பக்கத்துல வந்து கையை நீட்டினாரு. எனக்கும் ஒரு துண்டு குடும்மான்னு."

"குடுத்தியா?"

"குடுக்காம? என் மாவறைக்கு வந்து நின்ன ஆளாச்சே" என்றாள் மேஸ்திரி.